தரையிலிருந்து எழுந்திருப்பது எப்படி

நான் வேலை பார்த்த பிரிவுக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். பார்ப்பதற்கு நாற்காலி போல இருந்தது. அதில் உட்கார்ந்து எதிரே உள்ள பலகையைக் காலால் உதைத்தால், தொடையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று ஒரு சின்னத் திரையில் எண் விழும். ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகாதவனுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு என்னையே முதலில் உட்கார வைத்தார்கள். உதைத்தேன். எண்ணைப் பார்த்த இளம் பிசியோ பெண், "மெஷின இன்னும் சரியா செட் பண்ணல போல சார்," என்றாள். நல்ல வளர்ப்பு.

தேநீர் குடிக்கும்போது அவளே கேட்டாள். "ஒங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் அளந்தீங்க?"

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். தேநீர் ஆறியது. பிஸ்கட் தீர்ந்தது. ஒவ்வொருவராகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண், "இத எழுதிக் குடுங்க சார், எங்க மலர்ல போடுறோம்," என்றாள். ஒரு கிழவனின் பேச்சை நிறுத்த அதைவிட நாகரிகமான வழி கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததில் என் திறமைக்குப் பங்கு ஏதும் இல்லை. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த அப்பா, மகன் எந்நேரமும் புத்தகத்தோடு இருப்பதைக் கவனித்து, இவன் உடலுழைப்புக்கு ஆகமாட்டான் என்று முடிவு செய்து, தெரிந்தவர் மூலமாக மலாக்கா டவுன் மருத்துவமனை ஒன்றில் சேர்த்துவிட்டார். அங்கே எனக்குக் கிடைத்தது முழுக்க உடலுழைப்பு. படுக்கை மாற்றினேன், தள்ளுவண்டி தள்ளினேன், துணி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து படித்தேன். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு எனக்கும் ஒரு முன்னேற்றம் வந்தது. பிசியோதெரபி உதவியாளர் ஆனேன். உதவியாளர் என்றால், நோயாளி விழும்போது கீழே இருப்பவர்.

என் உடம்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சட்டையை ஆணியில் மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பேன். பலம் தேறவேண்டிய ஒருவர் என்னைப் பார்த்தவுடனேயே பாதி தேறிவிடுவார். இவனைவிட நாம் பரவாயில்லை என்ற எண்ணம் ஒரு நல்ல மருந்து.

எங்கள் பிரிவுக்குத் தலைவி மிஸ் ரொசாரியோ. தலைவி என்றால், அவர், நான், ஓர் அலமாரி, இந்த மூன்றுக்கும் தலைவி. மலாக்காவிலேயே பிறந்து, இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பிய யுரேசியப் பெண்மணி. வார்டில் இருந்த சகலரும் என்னை 'ஏய்' என்று கூப்பிட்ட காலத்தில் அவர் மட்டும் 'மிஸ்டர் பெருமாள்' என்பார். முதல் சில நாட்கள், எனக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

அவரிடம் சில முறைகள் இருந்தன. புது நோயாளி வந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டார். "முன்னால செஞ்சு இப்ப செய்ய முடியாத வேல எது? அதுல எத மறுபடியும் செய்யணும்?" என்றுதான் கேட்பார். சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், சைக்கிளில் ஏறவேண்டும் என்றார். ஜோங்கர் தெருப் பக்கத்துக் கடைக்காரச் சீனர் ஒருவர் நெடுநேரம் யோசித்து, தன் வீட்டு மாடிக்கு ஏறவேண்டும், அங்கேதான் மனைவி தன்னைப் பற்றி அக்காளிடம் பேசுகிறாள் என்றார். இரண்டையும் மிஸ் ரொசாரியோ ஒரே அக்கறையோடு கேட்டுக்கொண்டார். பயிற்சி முழுவதும் அந்த ஒரு காரியத்தை நோக்கித்தான் போகும்.

இன்னொரு முறை, கை வைப்பது பற்றியது. நோயாளி எழும்போது என் உள்ளங்கை அவர் முதுகுக்கு மிக அருகில் இருக்கவேண்டும், ஆனால் தொடக்கூடாது. "கை பக்கத்துல இருக்கட்டும் மிஸ்டர் பெருமாள். மேல வேணாம்." ஒருநாள் ஒரு முதியவரைப் பார்த்து நான் "பாவம்" என்று முனகிவிட்டேன். வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "நீங்க பாவம்னு நெனச்ச ஒடனே ஒங்க கை முந்திக்குது. ஒங்க கை வந்துட்டா அவரோட கால் வேலைய விட்டுடுது. பாவப்படுறதுன்னா வீட்டுக்குப் போய்ப் படுங்க." அன்று முதல் நான் மனதுக்குள் மட்டும் பாவப்பட்டேன். வீட்டிலும் பட்டதில்லை, களைத்துத் தூங்கிவிடுவேன்.

கருவிகள் என்று எங்களிடம் பெரிதாக எதுவுமில்லை. மருத்துவமனைத் தச்சர் செய்துகொடுத்த இரட்டைக் கைப்பிடிக் கம்பு, மணல் நிரப்பித் தைத்த துணிப்பைகள், ஒரு தேக்கு நாற்காலி, அதன் கால்களுக்குக் கீழே அடுக்கக் கொஞ்சம் பலகைகள். நாற்காலிதான் எங்கள் இயந்திரம். பலகைகளை அடுக்கி உயர்த்தினால், கையை ஊன்றாமலே எழுந்துவிடலாம். தொடைக்குப் பலம் ஏற ஏற ஒவ்வொரு பலகையாக உருவுவோம். எழுந்து உட்காருவதற்குக் கணக்குக் கிடையாது. அழகாக எழுந்திருக்கும் வரை எழுந்திருக்க வேண்டும், முகம் கோணினால் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலுக்கு விடுமுறை.

இந்த நாற்காலிக்குத்தான் பிபிக் தெய்வானை வந்து சேர்ந்தார். பிபிக் என்பது இந்த ஊரில் வயதான பெண்மணிகளை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

காஜா பெராங்கிலிருந்து இரண்டு பெச்சாக்களில், காலால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டிகளில், வந்தார்கள். முதல் வண்டியில் அவர் மட்டும். அடுத்ததில் மருமகள் தங்கம். முதல் வண்டிக்காரர் வந்ததும் வராததுமாக எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டதில், நோயாளி யார் என்று எனக்குச் சற்றுக் குழப்பம். பிபிக்குக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். சரோங், கெபாயாச் சட்டை, வெற்றிலைச் சிவப்பு, இறுக்கிய கொண்டை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தத் தம்பியா என்னப் புடிச்சுக்கப் போறான்? நான் ஒரு தும்மு தும்முனா புக்கிட் பாருவுல போய் விழுவானே."

காஜா பெராங் செட்டிகளைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பல தலைமுறைகளுக்கு முன்னால் தமிழகத்திலிருந்து வந்து இந்த ஊரோடு கலந்துவிட்டவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேசுவது மலாய். தெய்வானை என்ற பெயரில் இருந்த அளவுக்குத்தான் பிபிக்கிடம் தமிழ் இருந்தது. 'தம்பி' என்ற சொல் எப்படியோ தங்கியிருந்தது. ஆகவே இங்கே அவர் பேசும் தமிழுக்கெல்லாம் நானே பொறுப்பு.

நடந்தது இதுதான். குளிக்கும் இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தங்கம் இழுத்துப் பார்த்து முடியாமல், அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் வேலையாக இருந்த மூத்த மகன் பழனி ஓடிவந்தார். ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். உடம்பைக் குறைக்க வேண்டும், சாப்பாட்டைப் பாதியாக்குங்கள் என்றார் டாக்டர். பிபிக் பாதியாக்கினார். உடம்பும் இளைத்தது, கெபாயா தொளதொளத்தது. அப்புறம் ஒருநாள் நெத்திலி ஆய்வதற்காகக் கீழே உட்கார்ந்தவர், மறுபடியும் எழுந்திருக்க முடியாமல் போனார். கனமாக இருந்தபோது முடியாதது, இளைத்த பிறகும் முடியவில்லை.

மிஸ் ரொசாரியோ தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பிபிக் யோசிக்கவே இல்லை.

"பார்ச்சு அன்னிக்கு எல போடணும். தரையில ஒக்காரணும், எந்திரிக்கணும், வெளிய வந்து கதவ சாத்தணும். நானே."

பார்ச்சு என்பது செத்தவர்களுக்குப் படைப்பது. பொங்கலுக்கு முந்தைய நாள், உள் அறையில் வாழையிலைகளை வரிசையாகப் போட்டு, போனவர்களுக்கு எதெது பிடிக்குமோ அத்தனையும் வைப்பார்கள். பிபிக் வீட்டு வழக்கப்படி, குடும்பத்தார் விழுந்து கும்பிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வீட்டின் மூத்த பெண் மட்டும் உள்ளே தங்கி, தரையில் அமர்ந்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும்.

"யாராவது கூட இருந்து தூக்கி விடலாமே?" என்று நான் கேட்டேன்.

"மானா போலே? அது எப்படித் தம்பி முடியும்? அவங்க சாப்புடுற எடத்துல நீ ஏன் குந்திக்கிட்டு இருக்கணும்? நீ சாப்புடுறப்ப நாலு பேர் சுத்தி நின்னா ஒனக்கு எறங்குமா?"

"நீங்க மட்டும் இருக்கலாமா?"

"நான் வீட்டுக்காரி. பரிமாற வேணாமா?"

அதற்கு மேல் தங்கம்தான் சொன்னாள். பழனி ஒரு முடிவோடு இருக்கிறார். இந்தப் பார்ச்சுவில் அம்மா தானாக எழுந்து வெளியே வந்தால் இங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் தன்னோடு சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தங்கத்தின் கணவருக்கு, அதாவது இளைய மகனுக்கு, அரசாங்கக் குடியிருப்பு கிடைத்திருக்கிறது. அவர்கள் அங்கே போய்விடுவார்கள். காஜா பெராங் வீடு பூட்டப்படும்.

"பூட்டிட்டா அவங்க எங்க வந்து சாப்புடுவாங்க?" என்றார் பிபிக். "சிங்கப்பூர் மாடி வீடு அவங்களுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரரு குபு பஜாருக்குப் போனாலே வழி தப்பிடுவாரு."

பொங்கலுக்கு இன்னும் நாலைந்து மாதங்கள் இருந்தன. நாற்காலியை உயர்த்தி ஆரம்பித்தோம். பிபிக் நல்ல மாணவி. வாய் ஓயாவிட்டாலும் கால் ஓய்ந்ததில்லை. கணுக்காலில் மணல் பையைக் கட்டி நீட்டச் சொன்னால், "சாகப் போற காலத்துல கொலுசு" என்பார். ஆனால் நீட்டுவார். ஒரு பலகை போயிற்று. இரண்டாவதை உருவினோம். அதோடு நின்றுவிட்டது. வாரக்கணக்கில் மூன்றாவது பலகை நகரவில்லை. எழும்போது தொடை நடுங்கியது, முகம் கோணியது. உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

மிஸ் ரொசாரியோவுக்குப் புரியவில்லை. ஏனென்றால் சாப்பாட்டை அவர் முதல் நாளே மாற்றிவிட்டிருந்தார். சோறு கொஞ்சம், தேங்காய்ப்பால் கொஞ்சம், இனிப்புக் குவே பலகாரங்கள் நாள் கிழமைக்கு மட்டும். ஆனால் மீன், முட்டை, கோழி, தவ்வு எனும் சோயாக்கட்டி, பயறு இவற்றில் ஒன்று மூன்று வேளையும் இருக்கவேண்டும். தசை அதில்தான் வளரும் என்று சொல்லியிருந்தார். வருகிற ஒவ்வொரு தடவையும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது என் வேலை.

"மீன் பிண்டாங், முட்டை சம்பால், தவ்வு பொரிச்சது," என்பார் பிபிக். அடுத்த தடவை, "கோழி, காசாங் பயறு போட்டு ஒரு கொழம்பு." நான் அலுமினியத் தூக்கில் கொண்டுவந்திருக்கும் என் ரசத்தை நினைத்துக்கொள்வேன். அவர் சொல்வது மெய்யானால், இந்நேரம் அவர் என்னைத் தூக்கிக்கொண்டு கோட்டை மேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

"நாளைக்கு மத்தியானம் அவங்க வீட்டுக்குப் போறோம்," என்றார் மிஸ் ரொசாரியோ. "அவங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் இருக்கப் போறோம்."

அவருடைய சின்னக் காரில் போனோம். விருந்தாளிகள் என்று எங்களுக்குத்தான் முதலில் பரிமாறினார். புளியும் மஞ்சளும் மணக்கும் மீன். அந்த மணத்துக்கே எனக்குத் தசை வளர்ந்தது. என் தட்டின் அடியைப் பார்க்க அவர் விடவே இல்லை. அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்த இளைய மகன். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரப்பிள்ளைகள். அப்புறம் தங்கம், பால் கொடுக்கிறவள், அவளுக்கு முழுத் துண்டு. கடைசியில் பிபிக் அடுப்படிக்குப் போனார். மிஸ் ரொசாரியோ எழுந்து பின்னாலேயே போனார். நான் அவருக்குப் பின்னால்.

பிபிக் தட்டில் கொஞ்சம் சோறு வைத்து, சட்டியைச் சாய்த்து, குழம்பை வழித்து ஊற்றிக்கொண்டார். மீன் தலை ஒன்று கிடந்தது. அதையும் பூனைக்கு எடுத்து வைத்தார்.

"பிபிக், மீன் எங்க?"

"எல்லாரும் சாப்ட்டாச்சே மிஸ்ஸி."

"நீங்க மீன் சாப்ட்டதா போன வாரம் சொன்னீங்களே?"

"ஆமா. இந்த வீட்ல அன்னிக்கு மீன்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது வருடமாகச் சமைக்கிற ஒருவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், என்ன சமைத்தேன் என்றுதான் பதில் வரும். அவர் வீட்டில் இரண்டும் வேறு வேறல்ல. டாக்டர் பாதியாக்கச் சொன்னபோதும் அவர் மனசார ஒப்புக்கொண்டு பாதியாக்கினார். போனது மீன் இருந்த பாதி. தங்கியது சோறு இருந்த பாதி.

மிஸ் ரொசாரியோ கோபப்படவில்லை. சீருடையோடு அடுப்படித் தரையில் பிபிக்குக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"காலுக்கு வேல குடுத்துட்டு சாப்பாடு போடலைன்னா, ஒடம்பு ஒங்க தொடையையே தின்னுடும் பிபிக்."

பிபிக் தன் தொடையைப் பார்த்தார். "இவ்ளோ இருக்கே. தின்னுட்டுப் போவட்டுமே."

"கொழுப்ப மட்டும் திங்காது. தசையையும் சேத்துத் திங்கும். அதனாலதான் எளச்சும் எந்திரிக்க முடியல."

பிபிக் இதை அசைபோட்டார். "என் பேரன் மாதிரி," என்றார். "நல்ல துண்டாப் பாத்து எடுத்துக்குது."

"அதனால நீங்க மொதல்ல சாப்புடணும். இல்லைனா அவங்களோட சேந்து."

இதற்கு மட்டும் பிபிக் மசியவில்லை. பிள்ளைகள் பசியோடு வரும்போது தான் மீனை மென்றுகொண்டிருப்பதா? ஒரு துண்டு எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். ஒளித்து வைத்துத் தின்ன நான் திருடியா என்றார். மிஸ் ரொசாரியோ படித்து வந்த தேசத்தில் இந்தச் சிக்கல் இருந்திருக்காது.  காரில் திரும்பும்போது நான் மீனைப் பற்றிப் பேச நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வழி கண்டுபிடித்தவள் தங்கம். அடுத்த தடவை மருத்துவமனைக்கு வந்தபோது அவளே சொன்னாள். சட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் பெரிய துண்டாக ஒன்றைக் கிண்ணத்தில் போட்டு, "மாமி, உப்பு சரியா இருக்கா பாருங்க," என்று நீட்டினாளாம். சமைத்தவர் உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேராது. மாமி முள்ளை எடுத்து, முழுத் துண்டையும் தின்று, ஒரு கணம் மருமகளையே பார்த்தாராம். தந்திரம் தெரிந்துவிட்டது என்று தங்கம் பயந்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'உப்பு வெளங்கல, இன்னொரு துண்டு போடு'ன்னாங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் அவித்த முட்டைக்கும் உப்புப் பார்த்தார்கள். பச்சைப்பயற்றுக் கஞ்சிக்குச் சர்க்கரை போதுமா என்று ஒரு கோப்பை பார்த்தார்கள். சர்க்கரை எப்போதும் போதும் என்றே முடிவாயிற்று. இத்தனை சரியான உப்போடு அந்தக் குடும்பம் அதற்கு முன் சாப்பிட்டிருக்காது.

மூன்றாவது பலகை போயிற்று. நாலாவதும் போயிற்று. நாற்காலி தன் காலில் நின்றது. பிறகு வீட்டில் அவர் தேங்காய் துருவும் தாழ்வான பலகையில் உட்கார்ந்து எழுந்தார். பிறகு தரை.

தரையிலிருந்து எழுவதை மிஸ் ரொசாரியோ தானே செய்து காட்டினார். நேராக எழும்பப் பார்க்கக்கூடாது. அதில்தான் எல்லோரும் தோற்பார்கள். முதலில் ஒரு பக்கம் சாய்ந்து முழங்கையை ஊன்ற வேண்டும். கைகளாலும் முட்டிகளாலும் குழந்தை தவழ்வதுபோல நிற்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். பலமான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து, அந்தத் தொடைமேல் இரண்டு கையையும் வைத்துத் தள்ள வேண்டும். கொண்டுவரவேண்டிய பாதம்தான் பிபிக்குக்கு வரமாட்டேன் என்றது. முதல் முறை எழுந்தபோது பாதி உயரத்தில் ஒரு கணம் நின்று, வெற்றிச் சிரிப்பு சிரித்து, அப்படியே என்மேல் சாய்ந்தார். உதவியாளர் பதவியின் முழுப் பொருளும் அன்று எனக்கு விளங்கியது.

"சுடா மாத்தி? போய்ட்டானா?" என்று மேலிருந்து விசாரித்தார்.

"மூச்சு இருக்கு," என்றார் மிஸ் ரொசாரியோ. "மறுபடியும் ஒரு தடவ பாக்கலாம்."

மார்கழி முடியும் தறுவாயில் கணக்கு இப்படி இருந்தது: பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் எழுந்துவிடுவார். ஒன்றும் இல்லாத தரையில் சில நாள் எழுவார், சில நாள் முடியாது. இலை போடும் அறையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. மிஸ் ரொசாரியோ ஒளிக்காமல் சொன்னார், பூவா தலையா போட்ட மாதிரிதான் பிபிக் என்று. பிபிக் தலையசைத்தார். சிரிக்கவில்லை.

பார்ச்சு அன்று எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். பழனி வந்திருந்தார். நாற்பது வயது, சிங்கப்பூர்ச் சட்டை, மரியாதையான மனிதர். அவரை நான் ஒரு வில்லனாக மனதில் வரைந்து வைத்திருந்தேன். அவர் எனக்கு ஆரஞ்சுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துப் படத்தைக் கெடுத்துவிட்டார்.

"நான் மாக்க வீட்ட விட்டுப் பிரிக்கணும்னு நெனைக்கல சார்," என்றார் தணிந்த குரலில். மாக் என்றால் அம்மா. "அன்னிக்கு நாலு ஆம்பளைங்க வந்து தூக்குனாங்க. ஈர சரோங்கோட. அப்புறம் மாக் மூணு நாளு ஜன்னலத் தெறக்கலன்னு தங்கம் சொல்லுச்சு. இன்னொரு தடவ அப்படி நடந்தா என்னால தாங்க முடியாது."

நான் ஆரஞ்சுத் தண்ணீரைக் குடித்து முடித்தேன். 

பிபிக் விடியுமுன்பிருந்தே சமைத்துக்கொண்டிருந்தார். படையல் சமையலில் மட்டும் உப்புப் பார்க்கக்கூடாது. போனவர்கள் சாப்பிடுமுன் வாயில் எதுவும் படக்கூடாது. ஆகவே முதல்நாள் இரவிலிருந்து அவர் பட்டினி. மிஸ் ரொசாரியோ இதைத் தங்கத்திடமிருந்து தெரிந்துகொண்டு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

இலைகள் போட்டாயிற்று. தேங்காய்ப்பால் சோறு, மீன், கோழி, குவே, பழம். கணவர் இலைக்கு அருகில் ஒரு சுருட்டும் ஒரு கோப்பை கறுப்புக் காப்பியும். குடும்பத்தார் உள்ளே போய்க் கும்பிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. நாங்கள் கூடத்தில் நின்றோம். சாம்பிராணிப் புகை கதவிடுக்கில் வந்தது. உள்ளே பிபிக்கின் குரல், பெயர் பெயராக, பந்திக்குக் கூப்பிடுகிற குரல்.

குரல் நின்றது. பாய் உரசியது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

பழனி ஓரடி முன்னால் வைத்தார். "விழுந்துட்டாங்க."

"முட்டி ஊனுன சத்தம்," என்றேன். அதைத்தான் மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்கமாட்டேன்.

மறுபடியும் ஒரு சத்தம். இது பெரியது. பித்தளைச் செம்பு ஒன்று உருண்டு எங்கோ இடித்து நின்றது. மிஸ் ரொசாரியோ பழனிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அவரைத் தடுக்கவில்லை, தொடவும் இல்லை. 

உள்ளேயிருந்து மலாயில் ஒரு வசவு கேட்டது. அச்சில் போடக்கூடியது அல்ல.

"திட்டுறாங்க," என்றாள் தங்கம். "அப்ப நல்லாதான் இருக்காங்க."

அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் நீளம். பேரப்பிள்ளைகளைக்கூட யாரும் அடக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதவைத் திறந்தால் பிபிக்கைத் தூக்கிவிடலாம். திறந்தால் அந்த வீட்டில் அது கடைசிப் பார்ச்சு. பழனி கையை நீட்டி, கதவில் வைக்காமல், மடக்கிக்கொண்டார். அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நானும்தான், மாரியம்மனிடம் எனக்கு அதுவரை அதிகப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

கதவு உள்பக்கமாக நகர்ந்தது.

பிபிக் நின்றுகொண்டிருந்தார். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கெபாயாவின் முன்பக்கம் முழுக்கச் சாம்பல். முழங்கால் இரண்டும் நடுங்கியது சரோங்குக்கு மேலேயே தெரிந்தது. எங்களில் யாரையும் பார்க்காமல், வாசலைத் தாண்டி வந்து, திரும்பி, இரண்டு கையாலும் கதவைச் சேர்த்துச் சாத்தினார். அதன் பிறகுதான் மூச்சு விட்டார்.

 பழனிதான் கிட்டப் போய், சின்னப் பையனைப்போல மெல்லக் கேட்டார். "மாக், ரெண்டாவது தடவ விழுந்தப்ப... அப்பா கை குடுத்தாரா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த நேரத்தில், அந்தப் புகையில், நான்கூடச் சிரித்திருக்கமாட்டேன்.

பிபிக் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியைச் சுருட்டினார். "ஒங்கப்பாவா? உசுரோட இருந்தப்பவே ஒரு தம்ளர் எடுத்துக் குடுத்தது இல்ல. இப்ப முன்னால சுருட்டு இருக்கு, காப்பி இருக்கு. அத உட்டுட்டா எந்திரிச்சு வருவாரு? நானேதான் எந்திரிச்சேன்."

பழனி சுவரில் சாய்ந்துகொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி மாக். நீங்க இங்கயே இருங்க," என்றார். உணர்ச்சியில் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

"மெதுவாப் பேசுடா," என்றார் பிபிக், மூடிய கதவைக் காட்டி. "அவங்க சாப்புடுறாங்க."